கொட்டாவி வந்தது, ஆள் வரவில்லை

மெலார் பண்ணை,
மே 28, 1969

அன்புத் தம்பி கெதிலுக்கு,

இங்கே அனைவரும் உயிரோடு இருக்கிறோம். ஸ்டெய்னாருக்கு முதுகுவலி, எனக்கு ஸ்டெய்னார் என்ற வலி, மற்றபடி சுகம். உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? மேற்குக் கரையில் சாலை போடுகிற இடத்தில் கம்பளி உள்சட்டை போடுகிறாயா, அல்லது ரேக்யாவிக் நாகரிகம் அதை விலக்கிவிட்டதா?

தொலைபேசியிலேயே கேட்டிருப்பேன். ஆனால் இந்தப் பள்ளத்தாக்குக்கு இன்னமும் ஒரே கம்பிதான். ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் எல்லா வீட்டிலும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். போன வாரம் நான் டாக்டரிடம் மூலத்தைப் பற்றி அந்தரங்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், நடுவில் ஒரு குரல், “வெந்நீர்ல உக்காரு அர்ன்தீஸ், டாக்டருக்கு என்ன தெரியும்” என்கிறது. பக்கத்துப் பண்ணை இல்லுகிதான். அதனால் கடிதம். தபால் கொண்டுபோகிற பால் லாரிக்காரன் தபாலட்டையைத்தான் படிப்பான். உறையைப் பிரிக்க அவனுக்குச் சோம்பல்.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை மதியம் எனக்குத் திடீரென்று கொட்டாவி. சாதாரணக் கொட்டாவி இல்லை, தாடை கழன்று விழுகிற மாதிரி. ஸ்டெய்னாருக்கும் அப்படியே. யாரோ நம்மைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள், அவர்களுடைய ஃபில்க்யா முன்னால் வந்து சமையலறையில் உட்கார்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படி வந்து உட்கார்ந்தால் வீட்டுக்காரர் கண் சொருகும் என்பது நீ அறியாததா? எழுந்து காபி வைத்தேன், ஒரு தட்டு நிறைய மெல்லப்பம் சுட்டேன், மேசை விரிப்பைக்கூட மாற்றினேன்.

யாரும் வரவில்லை. மெல்லப்பம் முழுவதையும் ஸ்டெய்னார் தின்றுவிட்டு, “நல்ல விருந்தாளிதான் போ, பேச்சும் இல்ல, பங்குக்கும் வரல” என்றான்.

எனக்கென்னவோ மனம் ஒப்பவில்லை. கிளம்பியவன் எங்கே போனான்?

கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், குறிப்பாக வண்டி ஓட்டும்போது.

உன் அக்கா,
அர்ன்தீஸ்


ரேக்யாவிக்,
ஜூன் 14, 1969

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். சளி போய்விட்டது. அத்தானின் முதுகுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். மேற்கில் மழை. வேலை மெதுவாக நடக்கிறது.

என்னோடு வேலை செய்கிற ஒருவர் பழைய சொற்களைச் சேகரிக்கிறார். அவருக்காகக் கேட்கிறேன்: ஃபில்க்யா என்ற சொல்லை நம் பள்ளத்தாக்கில் சரியாக எந்தப் பொருளில் சொல்கிறார்கள்? ஆள் வருவதற்கு எவ்வளவு நேரம் முன்னால் அது வரும்? யாருடையது என்று கண்டுபிடிக்க முடியுமா? ஆள் வராமல் அது மட்டும் தனியே வருவது உண்டா?

அன்றைக்கு நீ வெளியே வந்து பார்த்தாயா?

அன்புடன்,
கெதில்


மெலார் பண்ணை,
ஜூன் 25, 1969

அன்புத் தம்பி கெதிலுக்கு,

தைலம் வந்தது. ஸ்டெய்னார் தடவிக்கொண்டு படுத்தால் நாய்கூடக் கிட்டே போவதில்லை. முதுகு சுகம். நீ சாப்பிடுகிறாயா? ஒரு வரிக்கு மேல் உன்னைப் பற்றி எழுதினால் கை சுளுக்கிக்கொள்ளுமா?

உன் சகாவுக்கு என் வணக்கம். இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டதில்லை, வாயை மூடத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபில்க்யா என்றால் ஒருவனோடு கூடவே வருகிற ஆவி, பின்தொடர்வது. பழைய தெய்வங்கள் ஆண்ட காலத்துச் சொல். நாம் பிறக்கும்போது கூடப் பிறக்கும், சாகும்வரை விடாது. நம்மை விட்டுப் போனால் நாம் போகப் போகிறோம் என்று பொருள். பாதிரியார் சர்ச்சில் இதைப் பேசமாட்டார். ஆனால் அவருக்கும் ஒன்று இருக்கிறது, அவர் வரும் நாளில் நம் சேவல் பகலில் கூவுகிறது. வேடிக்கை என்னவென்றால், பின்தொடர்வது என்று பெயரை வைத்துக்கொண்டு அது எப்போதும் முன்னால்தான் போகும். பழைய காலத்தில் எதிரி வருமுன் கனவில் ஓநாய்க் கூட்டமாக வந்து எச்சரித்ததாம். நமக்கு இப்போது அப்படிப்பட்ட எதிரிகள் ஏது? வரி அதிகாரிதான் வருகிறார். அதனால் கொட்டாவியோடு நின்றுவிடுகிறது.

ஒவ்வொருவருடையதும் ஒவ்வொரு மாதிரி. இல்லுகி கிளம்பினால் நம் அடுப்பில் பால் பொங்கி வழியும். நான் ஒரு வீட்டுக்குக் கிளம்பினால் அந்த வீட்டில் ஏதாவது ஒரு காபிக் கோப்பையின் காது கழன்று விழும். இதனாலேயே இல்லுகியின் மனைவி எனக்குத் தகரக் குவளையில் காபி தருகிறாள். தனக்கு இதெல்லாம் கண்ணால் தெரியும் என்று சாதிக்கிறான் இல்லுகி. என்னுடையது எப்படி இருக்கும் என்று கேட்டேன். நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, “சினைப் பசு. ஆனா நல்ல சாதி” என்றான்.

உபயோகம்: ‘அவருக்கு வலுத்த ஃபில்க்யா’ என்றால் மரியாதை. ‘ஃபில்க்யா இல்லாதவன்’ என்றால் திட்டு. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பவன், ஒளிந்து வருபவன். ஆனால் அம்மா அந்தத் திட்டையே ஒப்புக்கொள்ளமாட்டாள், நினைவிருக்கிறதா? அது இல்லாத மனிதனே கிடையாது, ஒளிந்து வந்தாலும் அது முன்னால் வந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பாள்.

கடைசிக் கேள்வி. சொந்தக்காரன் கிளம்பாமல் அது கிளம்பாது. ஆக, யாரோ கிளம்பியிருக்கிறார்கள். உன் கடிதம் வந்தபிறகு இன்னொரு முறையும் கொட்டாவி வந்தது, மறுபடியும் ஆள் இல்லை. வாசல்வரை வந்து திரும்பிப் போகிறவன் நல்ல காரியத்துக்கு வருவானா? என் சந்தேகம் முதலில் இல்லுகிமேல் போனது, நம் ஆற்றோரப் புல்வெளிமேல் அவனுக்கு ஒரு கண். ஆனால் பால் பொங்கவில்லை. பிறகு ஆட்டுத் திருடன்மேல். ஆடுகளெல்லாம் மலையில் இருக்கும்போது அவன் என்னத்தைத் திருட, ஸ்டெய்னாரையா?

வெளியே வந்து பார்த்தாயா என்று கேட்டாய். பார்க்கவில்லை. உன் சகாவின் அகராதிக்கு அது எதற்கு?

அன்புடன் உன் அக்கா,
அர்ன்தீஸ்


மெலார் பண்ணை,
ஜூலை 23, 1969

அன்புத் தம்பி கெதிலுக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே புல் அறுப்பு நடக்கிறது. சுகமா என்று யோசிக்கவே நேரமில்லை, அதனால் சுகம்தான் என்று வைத்துக்கொள்.

நேற்று வெயில் நன்றாக இருந்தது. வைக்கோலைப் புரட்டிக்கொண்டிருந்தவள் புல்வாரியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கிவிட்டேன். ஸ்டெய்னார் சிரித்தான். “விடியறதுக்கு முன்னாடி எழுந்து புல்லு வெட்டினா கொட்டாவி வராம வேற என்ன வரும்? பிஷப்போட ஃபில்க்யாவா வந்திருக்கு?” என்று சொல்லி முடிக்கவில்லை, அவனே வாயைப் பிளந்தான்.

அப்போது லப்பி காதை நிமிர்த்தியது. நம் நாயைத் தெரியும் உனக்கு. பாதிரியாரைப் பார்த்துக் குரைக்கும், பால் லாரியைப் பார்த்துக் குரைக்கும், கண்ணாடியில் தன்னைப் பார்த்தே குரைக்கும். நேற்றோ ஒரு சத்தம் போடாமல் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறி அந்தப் பக்கம் மறைந்துவிட்டது. நெடுநேரம் கழித்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. வாயில் வெண்ணெய் வாசனை. கருவாடும் வெண்ணெயும் யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

லப்பி குரைக்காத ஆட்கள் இந்த உலகத்தில் குறைவு.

இன்னொன்று. சமையலறைக்குள் போனபோது நனைந்த கம்பளி வாசனை அடித்தது. வெளியே பொட்டு மழை இல்லை. நீ பள்ளி விடுதியிலிருந்து வருகிற நாட்களில், நீ வந்து சேருமுன்பே அம்மா சொல்வாளே அந்த வாசனை. சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

நலமாக இரு. பதில் போடு.

அர்ன்தீஸ்


ரேக்யாவிக்,
ஆகஸ்ட் 9, 1969

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். சுகமே. உங்கள் இருவரின் சுகத்துக்காகவும் ஒரு பெட்டி நல்ல காபித்தூள் அனுப்பியிருக்கிறேன்.

அத்தான் சொன்னதுதான் சரி. புல் அறுப்பில் தூக்கம் வருவது இயற்கை. கம்பளி வாசனை உலரப் போட்ட காலுறையாக இருக்கும். இவற்றுக்கெல்லாம் ஒரு பொருள் தேடி மனதை அலைக்கழிக்காதே. என் சகாவும் ஊருக்குப் போய்விட்டார், இனி அந்தச் சொல்லைப் பற்றி எழுதவேண்டாம்.

லப்பியின் காதுக் காயம் ஆறிவிட்டதா? மருந்து போடு, ஈ மொய்க்கும்.

அன்புடன்,
கெதில்


மெலார் பண்ணை,
ஆகஸ்ட் 20, 1969

என் தங்கத் தம்பி கெதிலுக்கு,

காபித்தூள் அருமை. தைலம், காபி என்று வரிசையாக வருகிறது. இத்தனை பரிசு என் கல்யாணத்துக்குக்கூட நீ தரவில்லை.

லப்பியின் காது ஆறிவிட்டது. ஜூலை மாதம் முள்கம்பியில் கிழித்துக்கொண்டது. இதை உனக்கு எப்போது எழுதினேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். வயதாகிவிட்டது தம்பி, எழுதியது எது எழுதாதது எது என்றே தெரிவதில்லை.

மேற்கில் சாலை எப்படிப் போகிறது? அந்தக் குடாவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? ஸ்டெய்னார் கேட்கச் சொன்னான். ஸ்டெய்னார் கேட்கச் சொல்லவில்லை, நான்தான் கேட்கிறேன்.

மிகுந்த அன்போடு,
அர்ன்தீஸ்


மெலார் பண்ணை,
செப்டம்பர் 24, 1969

தம்பி கெதிலுக்கு,

நாங்கள் சுகம் என்று இந்த முறை எழுத முடியவில்லை. ஒரு மாதமாக உன்னிடமிருந்து எழுத்தில்லை. உன் சுகத்தை நானாகவே ஊகித்துக்கொள்கிறேன்.

மலையிலிருந்து ஆடுகளை இறக்கியாகிவிட்டது. இறக்கப் போனவர்கள்தான் அதைக் கண்டார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம், கோடை முழுவதும் யாரும் காலடி வைக்காத சரிவில், வரிசையாக மர முளைகள். தலையில் சிவப்புச் சாயம், கழுத்தில் துணிநாடா. ஒரே மட்டத்தில் பள்ளத்தாக்கைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகின்றன. புதர்மேட்டுப் பாதையில் ஜீப் வந்துபோன தடமும் இருந்தது.

இல்லுகி என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு முளைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். கைத்தடியை முளையின் தலைமட்டத்துக்குக் கிடையாகப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடினான். மேட்டில் இருந்த இடைவெளி வழியே நம் வீடு தெரிந்தது. தடி எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னான். பார்த்தேன். புகைபோக்கிக்கும் மேலே போனது.

“என்னய்யா இது?” என்றேன்.

“தண்ணி அர்ன்தீஸ். அணைக்கட்டு வந்தா தண்ணி இதுவரைக்கும் நிக்கும். உன் கூரைமேல நான் படகு விட்டு மீன் பிடிக்கலாம். என் கூரைமேல நீ.”

மின்சாரக் கம்பெனியிலிருந்து வசந்தகாலத்தில் ஒரு கடுதாசி வந்தது. ஆற்றோரப் புல்வெளி மட்டும் கொஞ்சம் நனையும், வீடுகளுக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதியிருந்தார்கள். நாங்களும் நம்பி, நனைகிற புல்வெளி யாருடையது என்று எங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அக்டோபர் கடைசியில் ரேக்யாவிக்கில் கூட்டமாம், முடிவு அங்கேதானாம். ‘முளையாவது, அது வேறு யாரோ அடித்தது’ என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். அடித்தவன் ஒருவன் எழுந்து, “நான்தான் அடிச்சேன், தண்ணி நிக்கிற மட்டம் இதுதான்” என்று சொன்னாலொழிய யாரும் எங்களை நம்பப் போவதில்லை. பள்ளத்தாக்கின் சார்பில் இல்லுகி போவதாக இப்போதைக்குப் பேச்சு.

அந்த நாடாவைப் பற்றி ஒரு விஷயம். இல்லுகி தடியைத் தூக்கிக்கொண்டு அடுத்த முளைக்குப் போனபோது நான் குனிந்து பார்த்தேன். ஆட்டுக்குட்டிக்குக் காலில் போடும் முடிச்சு. அப்பா போடுவது. அதுவும் இடக்கைக்காரன் போட்டது, சுருக்கு மறுபக்கமாக விழுந்திருந்தது. அப்பாவின் முடிச்சை இடக்கையால் போடுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒருத்தனைத்தான் தெரியும்.

சரிவு முழுவதும் நடந்து, ஒவ்வொரு நாடாவாக அவிழ்த்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். “என்ன பண்றே?” என்று இல்லுகி கத்தினான். துணி நல்ல துணி, வீணாக்குவானேன் என்றேன். என்னுடைய கஞ்சத்தனம் ஊரறிந்தது, நம்பிவிட்டான்.

லப்பி ஒரு முளையைக் கவ்விக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டது. அதை எரித்துத்தான் இன்று காபி வைத்தேன். நல்ல பைன் மரம், நன்றாக எரிகிறது. நீ அனுப்பிய காபித்தூள்தான்.

அர்ன்தீஸ்


ரேக்யாவிக்,
அக்டோபர் 10, 1969

அக்காவுக்கு,

உடம்பு சுமாராக இருக்கிறது. தூக்கம் இல்லை.

முதல் கட்டத்தில் புல்வெளிதான் மூழ்கும். கடுதாசியில் பொய் இல்லை. இரண்டாவது கட்டம் ஒன்று இருக்கிறது, அதைக் கூட்டத்தில் பேசுவதாக இல்லை. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. எழுதினால் எனக்கு வேலை இருக்காது, இனி எங்கேயும் இருக்காது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒருவன் வாசல்வரை வந்துவிட்டுக் கதவைத் தட்டாமல் திரும்பிப் போனால், முன்னால் வந்த அவனுடைய ஃபில்க்யா என்ன ஆகும்?

கெதில்


மெலார் பண்ணை,
அக்டோபர் 18, 1969

அன்புத் தம்பி கெதிலுக்கு,

நாங்கள் சுகம். குளிர்காலத்துக்கு ஆட்டு ரத்தத்தைக் குடலில் அடைத்துத் தைத்து முடித்தாயிற்று. என் விரல்களைப் பார்த்தால் கொலைகாரி என்பார்கள். தூங்குவதற்கு முன் சூடாகப் பால் குடி.

நீ கேட்டதற்குப் பதில். அம்மா இதைச் சொன்னதில்லை, எந்த அகராதியிலும் இருக்காது. நானே கண்டுபிடித்தது.

அது திரும்பிப் போகாது. வந்த இடத்திலேயே இருக்கும். எங்கள் வீட்டில் மே மாதத்திலிருந்து ஒன்று அடுப்போரம் உட்கார்ந்திருக்கிறது. தொந்தரவு இல்லை. தின்பதில்லை, குடிப்பதில்லை, ஸ்டெய்னாரைவிட எவ்வளவோ மேல். ஈரக் கம்பளி வாசனைதான் கொஞ்சம். நான் அதைச் சுற்றிக்கொண்டு போய் உப்பு எடுக்கிறேன், அவ்வளவே. ஆனால் நாளாக ஆக அது இளைத்துக்கொண்டு வருகிறது தம்பி. சொந்தக்காரன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால்தான் அது எழுந்து அவனோடு போகும். தன் ஃபில்க்யாவை வேறொரு வீட்டில் விட்டுவிட்டு மனிதன் எத்தனை நாள் தூங்கமுடியும்?

மற்றதை எழுதமாட்டேன். இப்போது தபாலைப் பிரிப்பது இல்லுகியின் மகள். முடிச்சு விஷயம் எனக்கும் லப்பிக்கும் மட்டும்தான் தெரியும். லப்பி வாயைத் திறக்காது. எனக்கும் வாயை மூடத் தெரியும் என்பதை இந்த வருஷம்தான் கண்டுபிடித்தேன்.

உன் அக்கா,
அர்ன்தீஸ்


ரேக்யாவிக்,
அக்டோபர் 29, 1969

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை.

கூட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் காலையிலிருந்து ஒரே கொட்டாவி. முதலில் தட்டச்சுக்காரி. பிறகு படம் வரைகிறவர், பேனாவைக் கையில் பிடித்தபடியே கண் அசந்துவிட்டார். மேலதிகாரி என்னிடம் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்குக் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல், இரண்டாம் கட்டத்தைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை என்றார். பாதியில் வாயைப் பிளந்தார். பற்களை எண்ணலாம் போலிருந்தது. “என்னப்பா இது, யாரோ நம்மளத் தேடி வர்றாங்க போலிருக்கே” என்றார். அவரும் எங்கோ ஒரு பண்ணையில் பிறந்தவர்தான்.

இல்லுகியாக இருக்கும் என்று நினைத்தேன். கணப்பின் மேல் இருந்த பாலைப் பார்த்தேன். பொங்கவில்லை.

அப்போது மேலதிகாரி காபிக் கோப்பையை எடுத்தார். காது மட்டும் அவர் விரலில் நின்றது. கோப்பை கீழே விழுந்து, அவருடைய கால்சட்டையெல்லாம் காபி. அவர் ஏதோ சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன் அக்கா. மே மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக.

மேட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உன் புகைபோக்கியில் எழுந்த புகையைப் பார்த்தேன். நீ எனக்காகக் காபி வைக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. இறங்கி வரத்தான் கால் வரவில்லை. பஸ் நிலையத்திலிருந்து இங்கே நடக்க நேரமாகும், அதுவும் நீ வழியில் இருக்கிற கடைகளையெல்லாம் எட்டிப்பார்க்காமல் வரமாட்டாய்.

காபி வைத்துவிட்டேன். உனக்குத் தகரக் குவளை.

கூட்ட அறைக்குப் போய்ப் பார்த்தேன். மேசைக்கு ஒரு பக்கம் கம்பெனிக்காரர்களின் நாற்காலிகள், அவற்றில் ஒன்றில் என் பெயர் எழுதிய சீட்டு. எதிர்ப்பக்கம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு. என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்ப்பக்கம் போட்டுவிட்டேன், உன் நாற்காலிக்குப் பக்கத்தில். கேட்டாலும் கேட்காவிட்டாலும் முளைகளை நான் அடித்தேன் என்று சொல்லப்போகிறேன். நாடாக்களைக் கொண்டுவந்திருப்பாய் என்று நினைக்கிறேன். நீ எதையும் வீணாக்குகிறவள் இல்லை.

இப்போது எனக்கே கண் சொருகுகிறது. மாடிப்படியில் சத்தம் கேட்கிறது. கதவைத் திறந்து இதை உன் கையிலேயே கொடுக்கிறேன்.

உன் தம்பி,
கெதில்